ஸ்டார்ட்டர் வாங்கும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

நெடுநாள் ஓடாமல் நின்ற பழைய காரில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? புது பேட்டரி, ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) என்று செலவில் இறங்கும் முன், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றுங்கள். அதன் முனைகளையும் அவை உட்காரும் இடத்தையும் உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.

ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருவேறிய இணைப்பில் வெறும் 0.03 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். விளக்கும் ஹாரனும் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்பவை, அதனால் அவை நன்றாகவே இருக்கும். ஆளை ஏமாற்றுவதே அதுதான். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு.

முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு வைத்தும் 12 வோல்ட்டுக்குக் கீழே நிற்கும் பேட்டரிக்கு இது உதவாது. இன்ஜினே இறுகிப்போயிருந்தாலும் அப்படித்தான். இன்ஜினில் பெல்ட் ஓடும் கீழ்ச் சக்கரத்தின் நடுவிலுள்ள கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.