உப்புக்கு அவசரம் இல்லை: இராமேசுவரத்தில் நடந்து படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்ததும் ஐயப்ப பக்தர்களின் பேருந்துகளோடு கேமராக்களும் எங்கள் தீவுக்குள் வரத் தொடங்கிவிடும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் எனக்கு அந்த மாதம் முழுக்க நடைதான் வேலை. அதனால் பாம்பனிலும் ரத வீதிகளிலும் தனுஷ்கோடியிலும் புதிதாகப் படமெடுக்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் செய்த அதே தவறுகளை, நான் செய்த அதே வரிசையில் செய்கிறார்கள்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், கார்டைக் காலி செய்துகொண்டு வாருங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதை உங்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

மூன்று ஊர், ஒரே நாள்

காலையில் பாம்பன், மதியம் இராமேசுவரம், மாலை தனுஷ்கோடி என்று திட்டம் போடுகிறார்கள். பாம்பனிலிருந்து இராமேசுவரம் சுமார் 12 கிலோமீட்டர், அங்கிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 20. இதில் நடப்பது எங்கே? ஆட்டோவில் உட்கார்ந்திருந்த நேரம்தான் மிஞ்சும். ஓர் ஊருக்கு ஒரு விடியற்காலையாவது கொடுங்கள். பாம்பன் என்றால் மீன் இறங்கும் நேரம். இராமேசுவரம் என்றால் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கோலம் போட்டு முடித்து, பூசணிப் பூ வைக்கும் நேரம். ஏழு மணிக்கு மேல் அந்தப் பூவின்மீது மோட்டார் சைக்கிள் ஏறியிருக்கும்.

இன்னொன்று, மதியத்தில் படமே எடுக்க முடியாது என்று விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். சித்திரையில் அது சரி. சூரியன் உச்சந்தலையில் நிற்கும். மார்கழியில் நண்பகலில்கூட 60 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, அதுவும் தெற்கே சாய்ந்து. முகத்தில் வெளிச்சம் விழும், சுவரில் நிழல் நீளும்.

கோயிலுக்குள் கேமரா

அனுமதி இல்லை. கைப்பேசிக்கும் சேர்த்துத்தான்.

டிரோன்

பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உப்பைத் துடைக்காமல் பையை மூடுவது

மற்றதெல்லாம் போகட்டும். இதைத்தான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

போன மார்கழியில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஓர் இளைஞர் ட்ரைபாடின் மூன்று கால்களையும் அலைக்குள் இறக்கி நிறுத்திச் சூரிய அஸ்தமனம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் நன்றாகத்தான் இருந்தது, காட்டினார். முடித்ததும் ஈரக் கால்களை அப்படியே ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிப் பூட்டி உறையில் போட்டார். "தம்பி, இன்று இரவே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்" என்றேன். "காய்ந்துவிடும் அண்ணே" என்றார். காய்வதுதான் பிரச்சினையே! தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். மாசியில் போன் செய்தார். ஒரு கால் வெளியே வரவில்லையாம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 2013 மார்கழிக் கடைசியில் மூன்று நாள் தனுஷ்கோடியில் அலைந்தேன். 2017-ல் தார்ச்சாலை திறப்பதற்கு முந்தைய காலம். மணலிலும் தேங்கிய நீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவர், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி என்று ஒன்றுவிடாமல் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்கும் ஆசையில் கார்டை மட்டும் உருவிக்கொண்டு, கேமராவைப் பையில் போட்டு மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் தை முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் கொட்டுகிறது, கேமரா மேல் இருக்கும் சக்கரம் திரும்ப மறுக்கிறது. உதவிக்கு வந்த பையனின் சின்னக் கேமராவில்தான் அந்த மூன்று முடிச்சும் பதிவாயின. பெண்ணின் அப்பா பணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.

மதுரையில் பழுது பார்ப்பவர் நான்கு திருகாணிகளைக் கழற்றியதுமே, "கடற்கரை ஊரா?" என்று கேட்டார். நான் ஊரைச் சொல்லவே இல்லை. உள்ளே செம்புத் தகடுகளில், விளக்காமல் போட்ட குத்துவிளக்கு மாதிரி பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பதினோராயிரம் ரூபாய். அன்றைக்கு எனக்கு ஒரு கல்யாணத்தின் கூலி அது.

இதில் எரிச்சல் என்னவென்றால், எனக்கு இது தெரியாத விஷயம் அல்ல. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்து வளர்ந்தவன். ஐப்பசி அடைமழையில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எங்கள் வீட்டில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் கேமராவில் படிந்து காய்கின்றன. அந்தப் படலம் பைக்குள் இருட்டில் ஈரத்தை இழுத்து, மறுபடி உப்புத் தண்ணீராகிறது. நாம் ஊர் போய்ச் சேர்ந்து, படங்களை எல்லோருக்கும் காட்டி, பாராட்டும் வாங்கி முடித்த பிறகுதான் அதன் வேலை வெளியே தெரியும். அதனால்தான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

நம்பாதவர்களைப் பாம்பன் பாலத்துக்குக் கூட்டிப்போவேன். 1914-ல் திறந்த அந்த இரும்புப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே கட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அரிப்பைத் தாங்கும் தனிப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். உங்கள் கேமராப் பெட்டியில் மழை தாங்கும் என்று எழுதியிருக்கலாம். ரப்பர் வளையம் துளியைத் தடுக்கும். அந்த வளையத்துக்கு வெளியே இருக்கும் திருகாணிக்கும், ஃபிளாஷ் மாட்டும் தகட்டுக்கும் யார் பொறுப்பு?

கூடுதலாக ஒரு கெடுதல், ஏசி அறை. மார்கழியில் எங்கள் ஊருக்கு ஏசி எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரவெல்லாம் குளிர்ந்த கேமராவை விடியலில் கடற்கரைக் காற்றில் நீட்டினால், குளிர்ந்த சொம்பு வியர்ப்பதுபோல அது வியர்க்கும். லென்ஸ் மங்குவதைப் பார்த்துப் பதறுகிறார்கள்; அது கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். நேற்றைய உப்பு அந்த வியர்வையில் கரைந்து பொத்தான்களின் இடுக்கு வழியே உள்ளே இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ஏசி இல்லாமல் முடியாது என்றால், இரவில் கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள். காலையில் வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

துடைப்பது பத்து நிமிட வேலை. முதலில் ஊதும் பம்பால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணல் இருக்கும்போது துணியை வைத்தால் கண்ணாடியில் கோடு விழும். சட்டை நுனியால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசுகிறது. பிறகு பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி பிழிந்து, லென்ஸைக் கழற்றாமலே வெளிப்பக்கம் முழுவதும் துடையுங்கள். அடுத்து உலர்ந்த துணி. கழுத்துப் பட்டையை மறக்காதீர்கள். கடல் உப்பும் உங்கள் வியர்வை உப்பும் சேர்ந்து அதில்தான் தங்கும். ட்ரைபாடை முழுக்க விரித்து அலசி, விரித்தபடியே காயவிடுங்கள். நல்ல தண்ணீர் என்றால் கேனில் வரும் குடிநீர். இங்கே சில விடுதிகளில் குழாயைத் திறந்தால் வருவதும் உவர்நீர்தான்!

காற்றுக்கு எதிரே லென்ஸ் மாற்றுவது

தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வோம். முன்னது சீறும், பின்னது சாது. இதைக் கேட்டுக்கொண்டு, சாதுவான பக்கம் என்று வடக்கே திரும்பி நின்று லென்ஸைக் கழற்றுகிறார்கள். வாடைக்காற்று வீசும் மார்கழியில் கதை தலைகீழ். பெண் கடல்தான் பொங்கும். மணலும் தூவானமும் அங்கிருந்துதான் சாலை மேல் வரும். முடிந்தால் ஒரே லென்ஸோடு நடங்கள்.

பூநாரைகளைப் பறக்கவைத்துப் படமெடுப்பது

கை தட்டி விரட்டுகிறார்கள். இரை தேடி வந்திருக்கும் பறவை அது. 2025-லிருந்து தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயம் வேறு.

அக்னி தீர்த்தத்தில் திதி கொடுப்பவர்கள்

எடுக்காதீர்கள்.

படம் அனுப்புகிறேன் என்று சொல்வது

பாம்பனில் கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா என்னை எங்கே பார்த்தாலும் கேட்பார்: "போன தையில் வந்த சிவப்புச் சட்டைத் தம்பி என் படத்தைக் கொடுத்துவிட்டானா?" அந்தத் தம்பியை எனக்குத் தெரியாது என்று எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை. கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அவர் கணக்கு. கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாகிப்போய், இந்த ஆண்டு நானே அவரை ஒரு படம் எடுத்து, இராமநாதபுரத்தில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார்.

"அவன் எடுத்ததில் சிரித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.