பேபி வைப்ஸுக்குப் பதிலா துணி பாவிக்கிறீங்களா, இந்தப் பிழைகள விடாதீங்க

வைப்ஸ் பக்கெட் விலையும் பம்பர்ஸ் விலையும் ஏறின பிறகு திருகோணமலைல கன அம்மாமார் திரும்பத் துணிக்கு வந்திருக்கிறாங்க. நல்ல விஷயம், நானும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறன். ஆனா தொடங்கி ரெண்டு கிழமைல "துணி நாறுது, பிள்ளைக்கு அடில சிவந்து போச்சு, நமக்குச் சரிவராது" எண்டு சொல்லிப்போட்டு திரும்பக் கடைக்குப் போறவங்களும் நிறைய. என்ன செய்தீங்க எண்டு ஆறுதலா இருந்து விசாரிச்சா முக்கால்வாசிப் பேருக்கு ஒரே இடத்திலதான் பிழைச்சிருக்கும், ஈரம். துணிக்குள்ள காயாம நிண்ட ஈரம், டப்பாக்குள்ள மூடி வச்ச ஈரம், துடைச்சுப்போட்டு அப்பிடியே விட்ட பிள்ளையிட தோல் ஈரம்.

முதல்ல டப்பா. கடை வைப்ஸ் மாதிரியே இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டு, 30 துணியையும் நனைச்சு மடிச்சு ஒரு பிளாஸ்டிக் டப்பால அடுக்கி ஒரு கிழமைக்கு எண்டு வைக்கிறாங்க. கடை வைப்ஸ் மாசக்கணக்கில பழுதாகாம இருக்கிறதுக்குக் காரணம் அதுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு இரசாயனம். அதில ஒண்டு மெத்தில்ஐசோதியசோலினோன், கனபேருக்குத் தோல் அலர்ஜி குடுத்து 2013ல அமெரிக்காவில தோல் அலர்ஜி வைத்தியர்களிட சங்கம் அதை அந்த வருஷத்து அலர்ஜிப் பொருளா அறிவிச்சது, ஐரோப்பாவில 2017ல இருந்து கழுவாம தோல்ல விடுற பொருள் எதிலயும் போடக்கூடாது எண்டு தடை. அது வேண்டாம் எண்டுதானே துணிக்கு வாறம். அப்ப நம்மட டப்பாக்குள்ள கிருமியைத் தடுக்க ஒண்டுமே இல்ல, வெறும் தண்ணி, நம்மட ஊர் வெக்கை. ஒரு நாள் கழிஞ்சாலே துணி வழுவழுக்கத் தொடங்கும், ரெண்டாம் நாள் மணம் வரும். அதால துணியைக் காஞ்சபடியே அடுக்கி வைங்க, கொதிச்சு ஆறின தண்ணியை ஒரு போத்தல்ல பக்கத்தில வைங்க, மாத்தேக்க அந்த நேரம் நனைச்சு எடுங்க. ராவைக்கு எழும்பி நனைக்கிறது கஷ்டம் எண்டா ஆறு ஏழு துணியை மட்டும் நனைச்சு வைங்க, விடியக்கால மிஞ்சினது பாவிக்காட்டியும் கழுவுற வாளிக்குத்தான் போகோணும். போத்தல் தண்ணியும் ஒவ்வொரு நாளும் புதுசா மாத்தோணும்.

தண்ணிக்குள்ள என்னத்தையாவது ஊத்துறது அடுத்த பிழை. டெட்டோல் ரெண்டு சொட்டு, வாசத்துக்கு பேபி கொலோன், இப்ப புதுசா லெவண்டர் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய். டெட்டோல் தோல்ல கழுவாம விடுற சாமான் இல்ல, பெரியாக்களுக்கே நிறையத் தண்ணில கலந்துதான் பாவிக்கச் சொல்லி போத்தல்ல போட்டிருக்கு. கொலோன்ல அற்ககோல் இருக்கு, சிவந்த தோல்ல பட்டா பிள்ள துடிச்சுப்போகும். வாசம் வேணும் எண்டு நினைக்கிறது நம்மட மனசுக்கு, பிள்ளைக்கு அது தேவையே இல்ல. தண்ணி போதும். பிறந்து முதல் ரெண்டு மூண்டு நாளைக்குப் போற கறுப்பு மலம் ஒட்டிப்பிடிக்கும், அதுக்கு மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், அந்த எண்ணெய்த் துணியை வேறயா வைங்க, ஏனெண்டா எண்ணெய் ஊறின துணி பேந்து தண்ணியை உறிஞ்சாது.

எந்தத் துணி எண்டதிலயும் கவனம் வேணும். அப்பப்பாட பழைய வேட்டி, தேஞ்ச பருத்திச் சாரம், பழைய பனியன், இதெல்லாம் புதுத்துணியை விட நல்லம், மெத்தெண்டு இருக்கும், உறிஞ்சும். புதுசா பருத்தித் துணி வாங்கினா மூண்டு நாலு தரம் கழுவினாப் பிறகுதான் தண்ணி இறங்கும், அதுவரைக்கும் தண்ணி மேலால உருண்டு ஓடும், துணி சரியில்ல எண்டு எறிஞ்சிடாதீங்க. சில சாரத்தில பொலியெஸ்டர் கலந்திருக்கும், ஒரு நூலை உருவி நெருப்புக் குச்சி பிடிச்சுப் பாருங்க, சாம்பலானா பருத்தி, உருகிக் கறுத்து உருண்டையானா பொலியெஸ்டர், அதை மேசை துடைக்க வைங்க.

இங்கதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கு, கனபேருக்குத் தெரியாது. பழைய துணி எங்க இருந்து வருது, அலுமாரி அடித்தட்டில இருந்து, அங்க என்ன கிடக்கு, பூச்சி உருண்டை. அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நப்தலீன். ஜீ6பீடீ எண்டுற என்சைம் குறைவோட பிறக்கிற பிள்ளைகள் இருக்கு, பரம்பரையா வாறது, ஆம்பிளப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலா வரும், வெளில பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கு நப்தலீன் துணியால பட்டாலோ அந்த மணத்தை மூச்சில எடுத்தாலோ இரத்தச் சிவப்பு அணு உடைஞ்சு கடும் மஞ்சள் காமாலை வரும், பச்சப்பிள்ளைக்கு அது மூளை வரைக்கும் போகக்கூடிய விஷயம். கழுவிப்போட்டுப் பாவிக்கலாம்தானே எண்டு கேப்பாங்க, வேண்டாம், அந்த மணம் பிடிச்ச துணி பிள்ளைக்கு எடுக்கவே வேண்டாம். பிள்ளையிட உடுப்பு அலுமாரிக்குள்ள அந்த உருண்டையும் கற்பூரமும் வைக்கவும் வேண்டாம்.

இன்னொண்டு, வெட்டின துணியை ஓரம் அடிக்காம அப்பிடியே பாவிக்கிறது. கழுவக் கழுவ ஓரத்தால நூல் பிரியும், அந்த நூல் பிள்ளையிட கால்விரல்லயோ கைவிரல்லயோ ஆம்பிளப் பிள்ளைக்கு குஞ்சாமணிலயோ சுத்தி இறுகினா இரத்தம் ஓடாம வீங்கி நீலிச்சுப் போகும், பிள்ள ஏன் இப்பிடிக் கத்துது எண்டு தெரியாம நாம பால் குடுத்துக்கொண்டு இருப்பம். தையல் கடைல ஓவர்லொக் அடிக்கக் குடுங்க, இல்லாட்டி வீட்டு மெஷின்ல மடிச்சுத் தையுங்க. அளவு ஒரு சாண் சதுரம் போதும். மொத்தமா இருந்தா நல்லாத் துடைக்கும் எண்டு மூண்டு நாலு மடிப்பு சேத்துத் தைக்கிறவங்களும் இருக்கிறாங்க, மார்கழி மழைல அது காயவே காயாது, ஒத்தை மடிப்பு, கூடினா ரெண்டு. எண்ணிக்கை 30 போல இருந்தா வெயில் காலத்துக்குக் காணும், மழைக்கு இன்னும் 15 சேத்து வைங்க.

இப்ப கழுவுற இடம். இதைத்தான் நான் ஆரைக் கண்டாலும் சொல்லுவன். மலம் பட்ட துணியைக் கிணத்தடில வச்சுக் கழுவாதீங்க. திருக்கடலூர், டச்பே, உப்புவெளி, நிலாவெளி எண்டு கடற்கரைப் பக்கம் முழுக்க மணல் நிலம், கிணறும் ஆழமில்ல, கிணத்தடில ஊத்துற தண்ணி கொஞ்ச நேரத்தில திரும்பக் கிணத்துக்குள்ளதான் இறங்கும். பிள்ளையிட மலம்தானே, பால்தானே குடிக்குது எண்டு சொல்லுவாங்க, அதிலயும் கிருமி இருக்கு, வயித்தோட்டம் பிடிச்ச நேரம் எண்டா சொல்லவே தேவையில்ல. முதல்ல துணியைக் கக்கூஸுக்குள்ள கொண்டுபோய் வாளித் தண்ணியால மலத்தை அங்கயே அலசி ஊத்துங்க, மறுகா சவுக்காரம் போடுற கழுவலை பாத்ரூமில செய்யுங்க. ரோட்டுக் கானுக்குள்ள விடுறதும் சரியில்ல, அந்தக் கான் கடைசில குடாக் கடலுக்குத்தான் போகுது, நாம பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கால் நனைக்கிற அதே கடல்.

ஊறப்போடுற வாளி பற்றியும் சொல்லோணும். தண்ணி நிறைச்ச வாளிக்குள்ள மூத்திரத் துணி, மலத்துணி எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு ரெண்டு நாள் வைக்கிறது பழைய வழக்கம். நம்மட சூட்டுக்கு அது நொதிச்சு நாறும், துணியும் இத்துப்போகும். அதை விட, தவழத் தொடங்கின பிள்ள ஒரு வாளிக்குள்ள தலைகுப்புற விழுந்தா ரெண்டு அங்குலத் தண்ணி போதும், சத்தமே வராது. வெளில மூடாம நாள்க்கணக்கில கிடக்கிற வாளித் தண்ணில டெங்கு நுளம்பு முட்டை போடும், 2017ல கிண்ணியாப் பக்கம் டெங்கு என்ன பாடுபடுத்தினது எண்டு நமக்கெல்லாம் தெரியும். அலசின துணியைத் தண்ணி இல்லாத, மூடி உள்ள வாளில போட்டு வைங்க, ஒவ்வொரு நாளும் கழுவுங்க. அந்த மூத்திர வாளிக்குள்ள நேரா ப்ளீச் ஊத்துற பழக்கம் இருந்தா இண்டைக்கே விடுங்க, மூத்திரத்தில இருக்கிற அமோனியாவும் ப்ளீச்சும் சேந்து வாற புகை நெஞ்சை அடைக்கும், அதுவும் கதவு மூடின சின்னப் பாத்ரூமில.

கழுவேக்க முதல் அலசல் பச்சத்தண்ணில, சுடுதண்ணி முதல்லயே ஊத்தினா கறை துணியோட பிடிச்சுப்போகும். அதுக்குப் பிறகுதான் சூடு, மலத்துணிக்குக் கை வைக்க ஏலாத அளவு சுடுதண்ணில சவுக்காரத்தூள் போட்டு அரை மணித்தியாலம் வச்சு அடிச்சுக் கழுவுங்க, கிழமைக்கு ஒருக்கா அடுப்பில வச்சு 10 நிமிஷம் அவிச்சா நல்லம். உங்கட கிணறு சவர் எண்டா பார் சவுக்காரத்தால கழுவாதீங்க, சவர்த்தண்ணில சவுக்காரம் நுரைக்காது, வெள்ளைப் படையா நூலுக்குள்ள ஒட்டும், துணி அப்பளம் மாதிரி விறைச்சுப்போகும், அந்த விறைப்பும் மிஞ்சின சவுக்காரமும் பிள்ளைக்கு உரசும். அப்பிடியான வீடுகள்ல தூளைக் குறைச்சுப் போட்டு, கடைசி ரெண்டு அலசலைக் குழாய்த் தண்ணிலயோ பிடிச்ச மழைத்தண்ணிலயோ செய்யுங்க. மெத்தெண்டு வரோணும் எண்டு சொஃப்ட்னர் ஊத்துறதும் வேண்டாம், அது நூலுக்கு மேல ஒரு படையா நிண்டு தண்ணியை உறிஞ்ச விடாது, வாசமும் பிள்ளையிட தோலுக்கு ஆகாது.

மஞ்சள் கறை போகேல்ல எண்டு கவலைப்படுறவங்க கனபேர். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையிட மஞ்சள் கறைக்கு நம்மட வெயிலை விட நல்ல மருந்து இல்ல, ஈரத்தோட நல்ல வெயில்ல விரிச்சு விடுங்க, ரெண்டு மூண்டு வெயில்ல வெளுத்துப்போகும். கச்சான் அடிக்கிற வைகாசி தொடக்கம் ஆவணி வரைக்கும் ரெண்டு மணித்தியாலத்தில மொறுமொறு எண்டு காயும். கடலைப் பாத்த பக்கம் கொடி கட்டாதீங்க, உப்புக்காத்தில உப்புப் படிஞ்ச துணி காஞ்ச மாதிரி இருக்கும், பின்னேரம் தொட்டுப்பாத்தா பிசுபிசு எண்டு இருக்கும், உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசில இருந்து தை வரைக்கும்தான் உண்மையான சோதனை. மழைக்குள்ள காயாம அரை ஈரத்தோட மடிச்சு வச்சா கறுப்புப் புள்ளி விழும், பூஞ்சணம், அது விழுந்த துணியைக் கழுவித் திரும்ப எடுக்காதீங்க, எறியுங்க. உள்ளுக்குள்ள ஃபேனுக்குக் கீழ கொடி கட்டி ஒண்டுக்கொண்டு முட்டாம போடுங்க, அவசரத்துக்கு அயர்ன் பண்ணுங்க. சாம்பிராணிப் புகைல துணி காய வைக்கிறது அம்மம்மாமாருக்குப் பிரியம், அவங்கட மனசு நோகாமச் சொல்லுங்க, அந்தப் புகை பிள்ளையிட நெஞ்சுக்குக் கூடாது எண்டு.

துடைக்கிற விதத்திலயும் பிழை விடுறம். வாய் துடைக்கிற துணியும் அடி துடைக்கிற துணியும் ஒரே கட்டுக்குள்ள கிடக்கக் கூடாது, கழுவினாலும் சரி. கலரால பிரியுங்க, அப்ப வீட்டுக்கு வாற ஆச்சிக்கும் குழப்பம் வராது. பொம்பிளப் பிள்ளைக்கு முன்னால இருந்து பின்னுக்கு மட்டும். ஊண்டித் தேய்க்காம ஒத்தி எடுங்க, தொடை மடிப்புக்குள்ள விரிச்சுப் பாருங்க. கடைசில காஞ்ச துணி ஒண்டால ஒத்தி, ரெண்டு நிமிஷம் காத்துப்பட விட்டுத்தான் அடுத்தது கட்டோணும். இந்த ரெண்டு நிமிஷத்தை விட்டுப்போட்டுத்தான் துணில பழி போடுறாங்க.

வேலை ஆருக்கு எண்டும் ஒரு வார்த்தை. பிள்ள பெத்து 31 நாள் முடியாத பொம்பிள, அதுவும் ஒப்பரேஷன் காயத்தோட, குந்தி இருந்து துணி அடிக்கிறது நியாயமே இல்ல. அந்த மாதம் பிள்ளையிட அப்பா கழுவட்டும், ஆள் இல்லாத வீடு எண்டா அந்தக் காலம் முடிய மட்டும் பஞ்சும் இளஞ்சூட்டுத் தண்ணியும், இல்லாட்டிக் கடை வைப்ஸ் பாவிங்க, ஒரு குறையும் இல்ல. அதே மாதிரித்தான் கொழும்புக்கு ராத்திரி ரெயில்ல போறதும். ஆனா பாவிச்ச கடை வைப்ஸைக் கக்கூஸுக்குள்ள போடாதீங்க, பக்கெட்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. கன வைப்ஸ்ல பிளாஸ்டிக் நூல்தான், தண்ணில கரையாது. லண்டனில 2017ல வைட்சப்பல் எண்டுற இடத்தில நிலத்துக்கு கீழ போற கழிவுக் குழாய்க்குள்ள கொழுப்பும் வைப்ஸும் சேந்து 250 மீட்டர் நீளத்துக்கு கட்டிபிடிச்சு, 130 தொன் பாரம், வெட்டி எடுக்க கிழமைக்கணக்கு ஆச்சு. நம்மட வீட்டுக் குழிக்கு அவ்வளவு தேவையில்ல, கொஞ்சம் போதும் குழி இறைக்கிற கலி பவுசரைக் கூப்பிட.

எல்லாம் சரியாச் செய்தும் பிள்ளைக்குச் சிவந்தா ரெண்டு மூண்டு நாள் பாருங்க, குறையேல்ல எண்டாலோ, மடிப்புக்குள்ள கடும் சிவப்பா வந்து சுத்திவரச் சின்னச் சின்னப் புள்ளி போட்டாலோ அது பூஞ்சணத் தொற்றா இருக்கலாம், பவுடரோ மஞ்சளோ பூசி மறைக்காம மிட்வைஃபிட்டயோ கிளினிக்கிலயோ காட்டுங்க. சீழ்க் கொப்புளம், காய்ச்சல், பால் குடியாமை எண்டா, அதுவும் ஒரு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எண்டா, பாத்துக்கொண்டு இருக்காம உடன ஒஸ்பத்திரிக்கு. போகேக்க என்ன சவுக்காரத்தூள் போடுறீங்க, தண்ணிக்குள்ள என்ன கலந்தீங்க எண்டதையும் டொக்டரிட்ட மறைக்காமச் சொல்லுங்க. மருந்து பூசுற நாள்கள்ல அடி துடைச்ச துணி எல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் அவியுங்க, புண் ஆறின பிறகு கிழமைக்கு ஒருக்கா அவிக்கிறதுக்குத் திரும்பலாம்.