மகள் சொராரிட்டியில் சேர்கிறாளா? வீட்டு ஒப்பந்தத்தை முதலில் வாங்கிப் படியுங்கள்

ஆகஸ்டில் மகளை டார்மில், அதாவது கல்லூரி விடுதியில், இறக்கிவிட்டு நாம் வீடு வந்து சேர்வதற்குள், "அம்மா, நான் ரஷ்ஷுக்குப் பேர் குடுத்திருக்கேன்" என்று போன் வந்துவிடும். ரஷ் என்பது சொராரிட்டிகள் புது உறுப்பினர்களைச் சேர்க்கும் சுற்று; அமெரிக்கத் தென்மாநிலங்களின் பல பெரிய பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே இது முடிந்துவிடுகிறது. யோசிக்க நமக்கு நேரம் கிடைக்காது. சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களுக்கான சங்கம்; சேர்ந்தால் ஆயுளுக்கும் உறுப்பினர். பெயர் பதிவது, உறுப்பினர்கள் தங்கும் சங்க வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசுவது, கடைசி நாளில் விருப்ப வரிசை கொடுப்பது, அப்புறம் அழைப்பு வருவது என எல்லாவற்றையும் கல்லூரியே விளக்கிவிடும். அந்த விருப்ப வரிசையில் போடும் கையெழுத்து மட்டும் விளையாட்டல்ல. அதில் எழுதிய சங்கம் அழைத்த பிறகு வேண்டாம் என்றால், அதே கல்லூரியில் வேறு சங்கத்தில் சேர அடுத்த வருட ரஷ் வரை காத்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் அப்பா அம்மா சரி என்று தலையாட்டுவது பெரும்பாலும் புகழ்பெற்ற உறுப்பினர்களின் பட்டியலைப் பார்த்துத்தான். அதில் தப்பே இல்லை. 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்பா கப்பா ஆல்பாவின் பட்டியலைப் பாருங்கள். நாசாவில் விண்கலப் பாதைகளைக் கணக்கிட்ட கேத்தரின் ஜான்சன் அதில் இருக்கிறார். சென்னையில் பிறந்து 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்தபோது 1986இல் அதில் சேர்ந்தவர். அந்தச் சங்கத்தின் நிறுவனர்கள் இருபது பேரை 'இருபது முத்துகள்' என்பார்கள். 2021இல் கமலா துணை அதிபராகப் பதவியேற்றபோது கழுத்தில் இருந்த முத்துமாலையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நம்மூர்ப் பெண் ஒருத்தியின் மகள் அல்லவா.

ஆனால் பட்டியலைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ், அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் இருவரும் அதே பட்டியலில் வருவார்கள். அவர்கள் கௌரவ உறுப்பினர்கள், மாணவியாகச் சேர்ந்தவர்கள் அல்ல. விண்வெளிக்குப் போன மே ஜெமிசனும் அப்படித்தான். 1992இல் சங்கத்தின் கொடியை விண்கலத்தில் எடுத்துச் சென்ற அளவுக்கு அவருக்கு அதன்மேல் பற்று. 1913இல் அதே ஹோவர்டில் 22 மாணவிகள் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டாவில், பின்னாளில் டெக்சஸிலிருந்து நாடாளுமன்றம் போன பார்பரா ஜோர்டன் மாணவியாகவே சேர்ந்தவர். பாடகி அரீதா ஃபிராங்க்ளின் கௌரவ உறுப்பினர். தொடங்கிய சில வாரங்களிலேயே, மார்ச் மாதம், டெல்டா பெண்கள் வாஷிங்டனில் பெண் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். இந்தச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் பெரிய வீடெல்லாம் கிடையாது. ஆகஸ்ட் ரஷ்ஷும் இல்லை. மதிப்பெண்ணும் சமூக சேவையும் பார்த்துத் தனி முறையில் சேர்ப்பார்கள்.

வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடுகள் வேறு குடும்பம். முன்னாள் அதிபர் புஷ்ஷின் மனைவி லாரா புஷ் இருந்த கப்பா ஆல்பா தீட்டா, முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் இருந்த ஆல்பா கை ஒமேகா போன்றவை அந்த வகை. பட்டியலில் உள்ள பெயர்கள் நாடு முழுவதற்குமானவை. உங்கள் மகள் கையெழுத்துப் போடுவதோ அவள் கல்லூரியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டைப் பெரும்பாலும் பழைய மாணவிகள் நடத்தும் தனி நிறுவனம் ஒன்று வைத்திருக்கும். சங்கத்தில் பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

என் தோழி குடும்பம் சிக்கியது இங்கேதான். மதுரைக்காரர்கள், வந்து ரொம்ப நாளாகவில்லை. மகள் முதல் வருடம் சேர்ந்ததும் போனில் வரிசையாக வந்த படிவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பதினெட்டு முடிந்தவள், பெற்றோர் கையெழுத்து யாருக்கும் தேவையில்லை. அதில் ஒன்று வீட்டு ஒப்பந்தம்: வீட்டில் படுக்கை காலியாக இருந்தால் இரண்டாம் வருடம் அங்கேதான் தங்க வேண்டும். இது தெரியாமல் நவம்பரில், இங்கே கல்லூரி ஊர்களில் வழக்கமாக நடப்பதுபோல, அடுத்த வருடத்துக்கு டார்ம் தோழிகளோடு அபார்ட்மென்ட் லீஸ் போட்டார்கள். அப்பாதான் ஜாமீன். வசந்தத்தில் சங்க வீட்டிலிருந்து அறை எண்ணோடு மெயில் வந்தது. சங்கத்தை விட்டு விலகினாலும் அந்த வருட வாடகை உண்டு என்று அடுத்த வரியிலேயே இருந்தது. "அக்கா, ஒரே பிள்ளைக்கு ரெண்டு இடத்துல வாடகை கட்டுறோம்" என்று தோழி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. சாப்பாட்டுக் கட்டணமும் அதோடு சேர்த்தி. பிள்ளை சைவம், வெள்ளி மதியத்தோடு சமையல்காரர் போய்விட்டால் திங்கள்வரை தயிரும் ரொட்டியும்தான். அபார்ட்மென்டுக்கு வேறு பெண் கிடைக்கும்வரை இந்தக் கதை ஓடியது. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் H-4 விசா என்பதால் மகள் பகுதிநேர வேலை பார்த்து ஈடுகட்டவும் வழியில்லை. புகழ்பெற்ற பெயர்களைப் பெரிய எழுத்தில் காட்டியவர்கள் அந்த ஒரு வரியையும் அதே அளவில் அச்சடித்திருக்கலாம். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆகவே விருப்ப வரிசை எழுதும் முன்பே மகளை இவற்றை மெயிலில் கேட்கச் சொல்லுங்கள்: எந்த வருடம், எத்தனை செமஸ்டர் வீட்டில் தங்க வேண்டும், வெளியே தங்கினால் தனிக் கட்டணம் உண்டா, விலகினால் என்ன ஆகும். ஒப்பந்தத்தின் நகலையும் கேளுங்கள். வாயால் சொன்ன பதில் போதாது. அது கைக்கு வராமல் நவம்பர் லீஸில் ஜாமீன் போடாதீர்கள். மகளுக்குப் பதில் வேறு யாரையாவது குடிவைக்க அனுமதி உண்டா என்பதையும் லீஸில் பாருங்கள்.

ராகிங் பயம் இருந்தால், 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி விதிமீறிய சங்கங்களைப் பற்றிக் கல்லூரிகள் அறிக்கை வெளியிட வேண்டும். கல்லூரி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். நம் தெற்காசியப் பிள்ளைகளே தொடங்கிய சங்கங்களும் உண்டு. 1998இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா அப்படி ஒன்று. கேத்தரின் ஜான்சனையோ பார்பரா ஜோர்டனையோ பார்த்துத்தான் மகளுக்கு ஆசை வந்தது என்றால் அவளை அவசரப்படுத்தாதீர்கள். அந்தச் சங்கங்களில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே தனிக் கிளைகள் இருக்கின்றன. வேலைக்குப் போன பிறகும் சேர்பவர்கள் நிறைய.