இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது? நெல்லைச் சீமையிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு ஒரு கணக்கு

தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்தின் விமானம், சென்னையிலிருந்து துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ வேறொரு நிறுவனத்தின் விமானம் என்று தனித்தனியாகச் சீட்டு எடுத்துப் பயணம் செய்வது நம் பக்கத்தில் வழக்கமாகி வருகிறது. 2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு, பாளையங்கோட்டைக்காரர்களும் மேலப்பாளையத்துக்காரர்களும் இரயிலையும் பேருந்தையும் விட்டு அந்த வழியை நாடுவதில் வியப்பில்லை. சீட்டு எடுக்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, நடுவில் இரண்டு மணி நேரம் போதுமா, மூன்று வேண்டுமா என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானத்துக்குப் பொறுப்பு யாருடையது?

முழுப் பயணமும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால், நடுவில் விமான நிறுவனம் மாறினாலும், இணைப்பைத் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றி ஊர் சேர்க்கும் கடமை அந்தச் சீட்டின்படி நிறுவனங்களுடையது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறைவான இடைவெளியில் ஒரே சீட்டை முன்பதிவு அமைப்பு பொதுவாக வழங்காது. தனித்தனிச் சீட்டுகளுக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் தூத்துக்குடியிலிருந்து வருபவர் அல்லர், சென்னையில் குடியிருந்துகொண்டு நேரத்துக்கு வராமல் போன ஒருவர். அந்தச் சீட்டிலேயே திரும்பி வரும் பயணமும் இருந்தால், போகும் பகுதிக்கு வராதவர் என்ற காரணத்தால் அதுவும் பெரும்பாலும் சேர்ந்தே இரத்தாகிவிடும்.

ஒரே சீட்டா, இரண்டா என்பதை டிராவல்ஸ் அலுவலகம் தரும் தாளின் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இணையதளங்களும் முகவர்களும் இரண்டு தனிச் சீட்டுகளை ஒரே பக்கத்தில் அழகாக அடுக்கித் தருவதுண்டு. 13 இலக்கமுள்ள மின்சீட்டு எண்ணைத் தேடிப் பாருங்கள். அதன் முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்சுக்கு 176, ஸ்ரீலங்கன் ஏர்லைன்சுக்கு 603. ஒருவருடைய பயணம் முழுவதற்கும் ஒரே எண் இருந்தால் ஒரே சீட்டு. சென்னை வரை ஒன்றும் அதற்கு மேல் இன்னொன்றுமாக இருந்தால், இடைவெளிக் கணக்கு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

அந்தக் கணக்கை முன்னோக்கிப் போடாமல் பின்னோக்கிப் போடுவதே சரி. சென்னையிலிருந்து இரவு 9.30 மணிக்குப் புறப்படும் வெளிநாட்டு விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லக்கேஜ் போடும் கவுன்ட்டரைப் பல நிறுவனங்கள் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகின்றன, சில ஒன்றேகால் மணி நேரம் முன்பே மூடுகின்றன. ஆகவே உங்கள் கெடு 9.30 அல்ல, 8.15. விசாத் தாள்களைக் கவுன்ட்டரில் சரிபார்ப்பார்கள், அதன் பின் இமிகிரேஷன் வரிசை, பாதுகாப்புச் சோதனை என்று நீளும் என்பதால், மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 6.30 மணிக்கே வரிசையில் நிற்பது நல்லது. முதல் முறையாக வேலைக்குச் செல்பவர்கள், குறிப்பாக வேலைக்காக வெளிநாடு செல்ல அரசின் அனுமதி தேவைப்படும் (இ.சி.ஆர்.) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், இந்த மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடத்தையும் குறைத்துக்கொள்ளக் கூடாது.

அதற்கு முன் சென்னையில் இறங்கி வெளியே வரும் வேலை இருக்கிறது. உள்நாட்டு விமானங்கள் முதலாம், நான்காம் முனையங்களில் வந்து நிற்கின்றன. வெளிநாட்டுப் புறப்பாடு இரண்டாம் முனையத்தில். பெட்டி பெல்ட்டில் வரும்வரை காத்திருந்து, தள்ளுவண்டியில் ஏற்றி, முனையம் மாறி, வாசலில் பாதுகாப்புப் படையினரிடம் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி உள்ளே நுழைய ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் ஒன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக, 5.30 மணிக்காவது சக்கரம் தரையைத் தொட்டிருக்க வேண்டும். அதன் மேல் தாமதத்துக்கென்று இரண்டு மணி நேரத்தைச் சேர்த்தால் பிற்பகல் 3.30. இப்படித்தான் ஆறு மணி நேரம் என்ற இடைவெளி வருகிறது. கூடுதல் எச்சரிக்கை என்று சிலருக்குத் தோன்றலாம், எனக்கு இது அடிப்படைக் கணக்காகவே தெரிகிறது.

ஆனால் இந்த ஆறு மணி நேரமும் தாமதத்தைத்தான் தாங்கும், விமானம் இரத்தாவதைத் தாங்காது. நம் சீமையில் இருப்பவர்கள் பெருநகரவாசிகளிடமிருந்து வேறுபட்டு யோசிக்க வேண்டிய இடம் இதுவே. மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ சென்னைக்கு ஒரு விமானம் போனால் அடுத்தது சற்று நேரத்தில் கிடைக்கும். வாகைக்குளத்தில் நாளொன்றுக்குச் சில விமானங்களே உள்ளன, அவற்றுள்ளும் பல சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள். ஒன்று இரத்தானால் அதன் பயணிகள் அனைவருக்கும் அடுத்ததில் இடம் இருக்காது. சாலை வழியே சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே நான் சொல்லும் விதி இது: நீங்கள் ஏறும் உள்நாட்டு விமானம் போகாமலே போனாலும், அடுத்த விமானத்திலோ இரயிலிலோ ஏறி வெளிநாட்டு விமானத்தின் கவுன்ட்டர் மூடுவதற்குள் சென்னை சேர முடிகிற அளவுக்கு முந்திய விமானமாகத் தேர்ந்தெடுங்கள். இரவு 9.30 விமானத்துக்குக் காலை விமானமே பொருத்தம். பிற்பகல் விமானம் கடிகாரக் கணக்கில் சரியாக இருந்தாலும், அதற்குப் பின்னால் நமக்கு வேறு வழி இல்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்த விதி இன்னும் கடுமையாகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் விமானம் மட்டுமா நின்றது? திருச்செந்தூர் விரைவு இரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலாலும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. போகிப் பண்டிகை நாள் காலையில் சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் திசை திருப்பப்பட்டதும் உண்டு. இத்தகைய நாள்களில் தனிச்சீட்டுப் பயணி முந்திய நாளே சென்னை சென்று ஓர் இரவு தங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். விடுதிச் செலவு, புதிதாக ஒரு வெளிநாட்டுச் சீட்டு எடுக்கும் செலவில் சிறு பங்குதான்.

இரயிலை இளப்பமாக எண்ண வேண்டாம். இரவில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரத்தில் இறங்கலாம்; செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தாருக்குப் பொதிகை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. நள்ளிரவு விமானமானால், காலையில் நெல்லையிலிருந்து கிளம்பும் வந்தே பாரத் பிற்பகலில் கொண்டு சேர்த்துவிடும். இங்கே தேதியில் ஒரு கண் வேண்டும். 15ஆம் தேதி 00.40 (நள்ளிரவு 12.40) என்று சீட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவு நிலையத்தில் இருக்க வேண்டும் என்று பொருள். வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவுக்குப் பின் புறப்படுவதால், இதில் தவறினால் முழு நாளும் பறிபோகும்.

சென்னைதான் என்ற கட்டாயமும் இல்லை. நெல்லையிலிருந்து நாகர்கோவில் வழியாகவும், தென்காசியிலிருந்து ஆரியங்காவு வழியாகவும் திருவனந்தபுரத்துக்குக் காரில் ஏறத்தாழ மூன்றரை, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம், அங்கிருந்து வளைகுடா நகரங்களுக்கு நேரடி விமானங்கள் நிறைய உள்ளன. மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் விமானங்களை முழுவதும் ஒரே சீட்டாக வாங்கலாம். இவ்விரண்டில் ஒன்று கிடைக்கும்போது, சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காகத் தனிச்சீட்டு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் உள்நாட்டு விமானத்தில் திருவனந்தபுரம் போய் அங்கே மாறுவோர் கவனிக்க: உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருப்பதால் வண்டி பிடித்துச் சுற்றித்தான் போக வேண்டும். பெங்களூருவிலும் இரண்டு முனையங்களுக்கு இடையே பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் தனிச்சீட்டு மாறுவது இதைவிடச் சிக்கலானது. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும், அதற்கு அந்த நாட்டின் நுழைவு அனுமதி கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவரைப் புறப்படும் ஊரிலேயே ஏற்ற மறுப்பார்கள். அங்கே எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டிருந்தாலும் பயனில்லை.

பெட்டியின் எடையும் நேரத்தைத் தின்னும். உள்நாட்டுச் சீட்டில் பொதுவாக 15 கிலோதான். வெளிநாட்டுச் சீட்டின் 30 கிலோவை நம்பிக் கட்டியவர்கள் வாகைக்குளத்திலேயே பெட்டியைப் பிரித்து உட்கார நேரிடும். கூடுதல் எடைக்கு இணையத்தில் முன்பே பணம் கட்டிவிடுங்கள்.

திரும்பி வரும்போது, இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்தில் இமிகிரேஷன், பெட்டி, சுங்கச் சோதனை மூன்றும் முடிய வேண்டும். ஒரே சீட்டானாலும் பெரும்பாலும் பெட்டியைச் சென்னையில் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். ஏறும் ஊரில் பெட்டியில் ஒட்டும் பட்டையில் எம்.ஏ.ஏ. என்று இருந்தால் சென்னை வரை, டி.சி.ஆர். என்று இருந்தால் தூத்துக்குடி வரை; அப்போதும் சுங்கச் சோதனைக்குச் சென்னையில் எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனிச்சீட்டுக்கு நான்கு மணி நேரம் விடுங்கள். இங்கே தவறினாலும் போவது உள்நாட்டுச் சீட்டுதான், இரவு இரயில் இருக்கிறது என்பதால் ஆறு வேண்டியதில்லை. சென்னையில் 2025 ஜனவரி முதல் இந்தியக் குடிமக்களுக்கு விரைவு இமிகிரேஷன் வாயில்கள் உள்ளன; முன்கூட்டிப் பதிவு செய்தவர்களுக்கு வரிசை குறையும்.

எல்லாம் செய்தும் முதல் விமானம் பிந்துகிறது என்று தெரிந்தால், வாகைக்குளத்தில் நிற்கும்போதே இரண்டாவது நிறுவனத்தை அழைத்துத் தேதியை மாற்றுங்கள். புறப்படும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே மாற்றினால், மாற்றுக் கட்டணத்தோடு பெரும்பாலும் சீட்டு தப்பும். நேரம் கடந்த பின் விமான நிலைய வரிகள் மட்டுமே திரும்பக் கிடைக்கலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, ஆனால் அது பிந்திய அந்த விமானத்தின் சீட்டுக்கு மட்டும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், தனித்தனியாக எடுத்த சீட்டுகளின் இணைப்பு தவறுவதையும் அது ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள். தாமதத்துக்கான சான்றை முதல் நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும்.