பத்திரப்பதிவு நாளில் பரிசா? தரகர்கள் சறுக்கும் இடங்கள்

தொழிலுக்கு வந்த புதிதில், என் மூலம் வீடு வாங்குகிறவர்களுக்கெல்லாம் பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்துக்கொண்டிருந்தேன். அடிப்பாகத்தில் என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பொறிக்கச் சொல்லியிருந்தேன். நங்கநல்லூரில் ஒரு வீட்டுக்கு மின் இணைப்புப் பெயர் மாற்ற வேலையாகப் போனபோது பார்க்கிறேன், விளக்கு பரணில் கிடக்கிறது. அந்த வீட்டு அம்மாள் ஒளிக்காமல் கேட்டுவிட்டார்: “சாமிக்கு முன்னால் உங்கள் போன் நம்பருக்கா விளக்கேற்றுவது?”

பதிவு முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுக்கலாமா என்று இளைய தரகர்கள் கேட்கும்போது இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கொடுக்கலாம், கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் விளம்பரத்தைப் பரிசு என்ற பெயரில் கொடுக்காதீர்கள். காலண்டரில் பெயர் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விளக்கில் போட்டால் அது பரணுக்குத்தான் போகும்.

இதைவிடப் பெரிய தவறு, இடம் பார்க்காமல் நீட்டுவது. சார்பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்தை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து டோக்கனுக்குக் காத்திருந்து, புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்துவிட்டு இரண்டு தரப்பும் வெளியே வருகிறார்கள். வாங்கியவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். விற்றவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. கணவர் கட்டிய குரோம்பேட்டை வீட்டை விற்ற ஒரு மூதாட்டி, வரைவோலை இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்முன்னே, வாங்கிய தம்பதிக்கு வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினேன். சிரித்தபடி போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவும் எனக்குக் கமிஷன் கொடுத்தவர்தான். கிளம்பும்போது, “தம்பி, ஆட்டோ கிடைக்குமா பார்க்கிறாயா?” என்று மட்டும் கேட்டார். அன்று கிண்ணத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு, அவரை மகள் வீடுவரை நான் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கூச்சம் ஒருபுறம் இருக்க, தொழில் கணக்கிலும் அது பிசகுதான். இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் பரிசு கொடுத்தால், ‘விலையைக் குறைத்துப் பேசியது இவர்களுக்காகத்தானா?’ என்று மறுபக்கம் நினைக்கும். அந்த நினைப்பு வந்துவிட்டால், எத்தனை விளக்கம் சொன்னாலும் போகாது.

அடுத்தது, கமிஷனில் ஏற்பட்ட மனக்கசப்பைப் பரிசால் மூடப் பார்ப்பது. 80 லட்சம் ரூபாய்க்குப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்குகிறவர், முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 7,20,000 ரூபாயை அரசுக்குக் கட்டியிருப்பார். நமக்கு 1 சதவீதம் என்றால் இன்னொரு 80,000. அன்றைக்கு அவர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக்கொண்டிருப்பார். கறாராகப் பேசி முழுத் தரகையும் வாங்கிவிட்டு 3,000 ரூபாய்க்கு ஒரு பொருளை நீட்டினால், “இதற்குப் பதில் கமிஷனில் குறைத்திருக்கலாமே” என்றுதான் வீட்டில் பேசுவார்கள். அதில் தவறும் இல்லை, அது அவர்கள் பணத்தில் வாங்கிய பொருள்தானே. குறைப்பதாக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக் குறைத்துவிடுங்கள். குறைக்க முடியாதென்றால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஆசை காட்டிப் பேரத்தை முடிப்பது வேறு விவகாரம். ‘இந்த மாதமே புக் செய்தால் தங்க நாணயம்’ என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு, பதிவு முடிந்ததும் கையை விரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அது பரிசே அல்ல, வியாபார வாக்குறுதி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் முகவர் தானும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தவறாக நம்பவைக்கும் பேச்சுக்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. எதைத் தருவதாகச் சொல்கிறீர்களோ, அதை எழுதிக் கொடுங்கள்.

வாடிக்கையாளருக்கு வாங்கும்போதே, பதிவு அலுவலகத்தில் ‘உள்ளே இருப்பவர்களுக்கும்’ என்று கூடுதலாக இரண்டு ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். வேலை நடப்பதற்காக அரசு ஊழியருக்குக் கொடுத்தால் அது லஞ்சம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளிதான்.

அமெரிக்காவில் வீடு கைமாறும்போது முகவர் பரிசு கொடுப்பது சகஜம். ஆனால் வணிகப் பரிசில் ஒருவருக்கு ஆண்டுக்கு 25 டாலர் வரைதான் அங்கே வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். 1962-இல் வைத்த வரம்பு இன்னும் மாறவில்லை. இங்கே அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை என்பதற்காகக் கைக்கு வந்தபடி செலவழிக்காதீர்கள். ரசீதை வைத்திருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கவனிக்க: பரிசாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பிள்ளையார் படம் கொடுக்காதீர்கள், வாங்குகிறவர் எந்த மதம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கேக் என்றால் முட்டை சேர்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். சுவர்க் கடிகாரம் ஏற்கெனவே நான்கு வந்திருக்கும்.

நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பதிவன்றே பரிசு கொடுத்தால், இத்தோடு என் வேலை முடிந்தது என்று விடைபெறுவது போல ஆகிவிடுகிறது. உண்மையில் வாங்கியவருக்கு அலைச்சல் அதற்குப் பிறகுதான். சொத்துவரியில் பெயர் மாற்ற வேண்டும், மெட்ரோ வாட்டரில் மாற்ற வேண்டும், மின்வாரியத்தில் மாற்ற வேண்டும். மனை உட்பிரிவு ஆகிறதென்றால் சர்வேயர் வந்து அளந்த பிறகே பட்டா. இந்த நேரத்தில் போனை எடுக்காத தரகரின் வெள்ளிக் கிண்ணம், பார்க்கும்போதெல்லாம் எரிச்சலைத்தான் கிளப்பும்.

அதனால் நான் இப்போது பால் காய்ச்சும் நாள்வரை எதுவும் கொடுப்பதில்லை. அன்று அரைக் கிலோ மைசூர்பாகும் ஒரு கோப்பும் கொண்டுபோகிறேன். கோப்பில் கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், புதிய வில்லங்கச் சான்று, பட்டா, பெயர் மாறிய வரி ரசீது எல்லாம் நகலெடுத்து வரிசையாக இருக்கும். கடைசித் தாளில் அந்தத் தெருவுக்கு வரும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், தண்ணீர் லாரிக்காரர் எண்கள் என் கையெழுத்தில். மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் அந்தத் தாளை மட்டும் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார்கள். என் எண் அதில் இல்லை. அடியில் அவர்களே எழுதிச் சேர்த்திருந்தார்கள்.