கடல் அட்டைக் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும், கடலடித் தரையில் வாழும் கடல் அட்டைகளை (கடல் வெள்ளரிகளை) எண்ணப் புறப்படும் இளம் ஆய்வாளர்களின் தரவுத் தாள்கள் ஆண்டுதோறும் என் பார்வைக்கு வருகின்றன. ஆழத்தை எழுத மறப்பது போன்ற பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் எண்ணுவது

எழும்பூரில் இரவு ரயில் ஏறுபவர்கள் காலையில் கடற்கரை ஊரான மண்டபத்தில் இறங்கி, காற்று ஏறுவதற்குள் கரை திரும்ப வேண்டும் என்று படகுக்காரர் அவசரப்படுத்த, உடனே கடலுக்குள் போகிறார்கள். எண்ணும் நேரத்தை ரயிலும் காற்றும் முடிவு செய்கின்றன. அட்டையின் பழக்கத்தை யாரும் கேட்பதில்லை.

கடல் அட்டைகளில் ஒரு வகையான வெள்ளை அட்டை மணலுக்குள் புதையும் உயிரினம். அதன் குஞ்சுகள் பெரும்பாலும் விடியலை ஒட்டிப் புதைந்து, பொழுது சாயும்போது வெளிவருகின்றன. வளர்ந்தவை புதையும் நேரம் நீரின் வெப்பநிலைக்கும் உவர்ப்புக்கும் ஏற்ப மாறுகிறது. ஆகவே காலையில் வெறுமையாகத் தெரியும் கடற்புல் திட்டில் அட்டைகளே இல்லை என்று எழுதிவிட முடியாது.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வுக் கூட்டத்தில், ஒரு திட்டில் அட்டைகள் இரண்டே ஆண்டுகளில் பெருகிவிட்டதாக ஒரு மாணவர் வரைபடம் காட்டினார். எத்தனை மணிக்கு நீரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். முதல் ஆண்டு காலை ஏழு மணிக்கு என்றும், அடுத்த ஆண்டு படகு கிடைக்கத் தாமதமானதால் மாலை நான்கு மணிக்கு மேல் என்றும் நினைவிலிருந்து சொன்னார். தாளில் நேரத்துக்கு ஒரு கட்டமே இல்லை. அவர் காட்டிய பெருக்கத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கடிகாரத்தின் வேலை என்பதை இனி யாராலும் பிரித்தறிய முடியாது. இந்தத் தவறு இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது, ஏனெனில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டைகள் சேர்க்கப்பட்டதிலிருந்து இங்கு அவற்றைப் பிடிக்கக் கூடாது. தடையைத் தொடர்வதா, தளர்த்துவதா என்ற வாதம் இத்தகைய எண்களில்தான் போய் நிற்கிறது. எண்ணிக்கை குறைவாகப் பதிவானால் மீனவக் குடும்பங்களின் நியாயமான கோரிக்கை அடிபடும். மிகையானால் அட்டைகள் அழியும். இவை முட்டையையும் விந்தையும் நீரில் கலந்துவிடுபவை என்பதால், ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கும் அளவுக்குக் குறைந்துவிட்டால் கருவுறுதலே நிகழாமல் போகலாம்.

மாற்று வழி கடினமானதன்று. முழு ஆய்வுக்கு முன்பாக, நாடா விரித்து அடையாளமிட்ட ஒரே பட்டையை (எண்ணுவதற்கான நீள் தரைப்பகுதியை) இரவு உட்படச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணி, எப்போது எவ்வளவு பங்கு வெளியே இருக்கிறது என்று பாருங்கள். சில சதுரச் சட்டகங்களுக்குள் மணலை விரல்களால் மெல்லத் துழாவிப் புதைந்தவற்றையும் எண்ணுங்கள். அதன்பின் எல்லா ஆண்டுகளிலும் அதே நேரத்தையும் பருவத்தையும் பின்பற்றி, நீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

நீளத்தை மட்டும் நம்புவது

தொட்டவுடன் சுருங்கும் உடலின் நீளத்தைக் கொண்டு வயதையோ வளர்ச்சியையோ கணிக்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே நீளத்தையும் அகலத்தையும் எடுங்கள். எடை பார்ப்பதானால், ஒவ்வொன்றையும் ஒரே கால அளவு நீர் வடியவிட்ட பிறகு பாருங்கள்.

அட்டை இருக்கும் இடத்தில் மட்டும் நாடா விரிப்பது

மூழ்கிச் சங்கு எடுப்பவர்கள் காட்டும் செழிப்பான திட்டில் எண்ணிவிட்டு, அதை விரிகுடா முழுமைக்கும் பெருக்குவது கணக்கெடுப்பாகாது. பூச்சியம் வந்த பட்டைகளும் சராசரியில் இடம்பெற வேண்டும்.

உடலில் அடையாளக் குறி குத்துவது

பெரும்பாலும் உதிர்ந்துவிடும், காயம் மட்டும் மிஞ்சும்.

அனுமதியின்றித் தொடுவது

வனத்துறையின் எழுத்து மூல அனுமதி கையில் வரும்வரை கண்ணால் மட்டும் எண்ணுங்கள்.