தேங்காய்த் தொட்டிக்கரி (சிரட்டைக்கரி) சுடத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் புதிதாகச் சூளை போடுகிறவர்களைப் பார்க்கிறேன். நாங்கள் அன்று செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். கூரை வேண்டும், கையுறை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை எடைபோட்டு வாங்குவது

இன்றும் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே பருவமழை நுழைந்ததும் நனைந்த தேங்காய்த் தொட்டி மலிவாக வரும். "மலிவாகக் கிடைத்தது, அண்ணா" என்று பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் ஒரு லாரி லோடு இறக்கினார். கையில் எடுத்ததுமே கனம் தெரிந்தது.

10 சதவீதம் ஈரமுள்ள ஒரு டன்னில் உலர்ந்த சரக்கு 900 கிலோ. ஈரம் 30 சதவீதமானால் 700 கிலோதான். விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் கட்டுபடியாகும். அதோடும் முடியாது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். டிரம் சூளையில் அந்த வெப்பத்தைக் கொடுப்பது எரியும் தொட்டியேதான்; கரியாக வேண்டியது சாம்பலாகிவிடுகிறது. சூடு 400 டிகிரியைத் தொடாத இடத்தில் பாதி வெந்த பழுப்புத் தொட்டி மிஞ்சும். தம்பியின் கரிச் சாக்குகளைப் பிரித்துப் பார்த்த, கரி வாங்கும் கார்பன் ஆலைக்காரர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். போக வர லாரி வாடகையும் தம்பியின் தலையில்தான் விழுந்தது.

வாங்குவதற்கு முந்தின நாளே தொட்டி கிடக்கும் களத்துக்குப் போங்கள். குவியலின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் தொட்டி எடுத்து உடைத்து, ஒரு கிலோவை 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். குறைந்த எடைதான் ஈரம். அதை வைத்து விலை பேசுங்கள்.

புகையை வானத்துக்கு விடுவது

சூளையில் எழும் புகை எரியக்கூடியது. குழாய் வழியே அடுத்த சூளையின் அடியில் எரித்தால் விறகு மிச்சம். குளிரவைத்தால் அசிட்டிக் அமிலமும் ஃபீனால்களும் கலந்த திரவம் வடியும், தாரும் வரும். பெட்ரோலிய வேதிப்பொருள்கள் வருவதற்கு முன் மெத்தனாலையே மரத்தைக் காற்றில்லாமல் சுட்டுத்தான் எடுத்தார்கள். தார் பிரியாத திரவத்தை மட்டும் பயிருக்குத் தெளிக்காதீர்கள்.

நீரூற்றி அணைப்பது

காற்றுப் புகாமல் மண்ணிட்டு மூடி ஆறவிடுங்கள்.

சுட்ட கையோடு சாக்கில் கட்டுவது

புதுக்கரி ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடேறிக் கிடங்கில் தீப்பிடிக்கும். ஒரு நாளாவது பரப்பி வையுங்கள்.

மூடிய கொட்டகையில் சூளை

கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. வேண்டவே வேண்டாம்.